குவெர்செட்டின் கேப்ஸ்யூலும் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளும்

கேள்வி: எனக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி., கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். தும்மலும் மூக்கடைப்பும் வரும் மாதங்களில் ஃபெக்ஸோஃபெனடின் போட்டுக்கொள்வேன். பத்து நாளாகக் குவெர்செட்டின் 500 மி.கி. கேப்ஸ்யூலைக் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்கிறேன். அதில் அன்னாசியிலிருந்து எடுத்த புரோமலைனும் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்ந்திருப்பதாக டப்பாவில் போட்டிருக்கிறது. அலர்ஜி, பிரஷர் இரண்டுக்கும் நல்லது, செடியிலிருந்து எடுத்தது, பக்கவிளைவே கிடையாது என்று சொன்னார்கள். நான்கு நாளாக என் மனைவியும் சாப்பிடுகிறார். அவருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தொடரலாமா? பிரஷர் மாத்திரையைக் குறைக்கலாமா? மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா?

பதில்: நீங்கள் கடைசியில் சொன்ன விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். உங்கள் மனைவி இன்றே கேப்ஸ்யூலை நிறுத்தட்டும். வார்ஃபரினை மட்டும் நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஓரிரு நாளுக்குள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, நான்கு நாள் என்ன சாப்பிட்டார் என்பதை டப்பாவோடு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழு முதல் பத்து நாள் கழித்து இன்னொரு முறை ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது பரிசோதனை ஏன் என்றால், கேப்ஸ்யூலால் ஐ.என்.ஆர். ஏறியிருந்தால், அதை நிறுத்தியபின் மெல்ல இறங்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு ஏறினால் ரத்தக்கசிவு, இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி. இரண்டுமே ஆபத்து.

வார்ஃபரின் ரத்தத்தில் நுழைந்ததும் அதில் ஏறத்தாழ 99 சதவீதம் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் மிஞ்சுகிற அந்தச் சொற்பப் பங்குதான் வேலை செய்கிறது. குவெர்செட்டினும் அல்புமினில் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. போதாக்குறைக்கு, வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைக்கும் சி.ஒய்.பி.2சி9 நொதியையும் அது தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. புரோமலைன் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. ஆக ஒரே கேப்ஸ்யூலில் ரத்தக்கசிவை நோக்கித் தள்ளும் இரண்டு பொருட்கள். ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம், காரணமில்லாமல் நீலம் பாரித்த தோல், சிவந்த சிறுநீர், தார் போன்ற கறுத்த மலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்டாலோ ஐ.என்.ஆர். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் விஷயம்.

குவெர்செட்டின் ஒரு ஃபிளவனாய்டு. செடிகள் தம் தோலிலும் இலையிலும் பூவிலும் சேர்த்துவைக்கும் மஞ்சள் நிறச் சேர்மங்களில் ஒன்று. வெங்காயம், ஆப்பிள் தோல், தேயிலை, கீரைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உணவின் வழியாக ஒருவருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 10 முதல் 40 மி.கி. வரை கிடைக்கும். நீங்கள் சாப்பிடுவது 1000 மி.கி. "செடியில் இருப்பதுதானே" என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. உணவில் வரும் அளவைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் போய்விட்ட ஒன்றை உணவாக எண்ண முடியாது. மருந்தை எடைபோடுவது போலத்தான் அதை எடைபோட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சந்தைக்கு வரும் குவெர்செட்டினில் பெரும்பகுதி வெங்காயத்திலிருந்து வருவதில்லை. சோஃபோரா ஜப்பானிக்கா என்ற மரத்தின் பூமொட்டுகளிலிருந்து ரூட்டின் என்ற சேர்மத்தைப் பிரித்து, அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அமிலத்தால் கழற்றித் தயாரிக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பறித்து உலர்த்தி அடைத்த மூலிகை என்று நினைத்துக்கொண்டு அதை விழுங்க வேண்டாம்.

சர்க்கரை ஒட்டியிருப்பதும் இல்லாததும் உடலுக்குப் பெரிய வித்தியாசம். வெங்காயத்தில் குவெர்செட்டின் குளுக்கோஸோடு சேர்ந்திருக்கிறது. சிறுகுடலின் சுவரில் உள்ள நொதி அந்தக் குளுக்கோஸை வெட்டியதும் குவெர்செட்டின் உள்ளே போய்விடும். ரூட்டினில் உள்ள இரட்டைச் சர்க்கரையை அந்த நொதியால் வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியா வெட்டிய பிறகுதான் கொஞ்சம் உறிஞ்சப்படும். கேப்ஸ்யூலில் உள்ள சர்க்கரையில்லாத வடிவம் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்கு மோசம். அதனால்தான் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியேறுகிறது, ஓரளவு கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு கூடுகிறது.

உறிஞ்சப்பட்டதும் அப்படியே சுற்றி வருவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் உடனே அதோடு குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், மீத்தைல் ஆகியவற்றை ஒட்டிவிடுகின்றன. ரத்தத்தில் தனிக் குவெர்செட்டின் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். "புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது, வைரஸைத் தடுக்கிறது" என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் அவர்கள் ஊற்றுவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) தனிக் குவெர்செட்டின். சாதாரணக் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர் ரத்தத்தில் எல்லா வடிவங்களையும் கூட்டினாலும் ஒன்றிரண்டு மைக்ரோமோலாரைத் தாண்டுவது அரிது.

பிரஷருக்கு உண்மையிலேயே பலன் உண்டா? சிறிதளவு உண்டு. 2007இல் வெளியான ஒரு சோதனையில் நாளுக்கு 730 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்தபோது, முதல் நிலை ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் 7, கீழ் எண் 5 அளவுக்குக் குறைந்தது. அழுத்தம் சற்றே கூடியிருந்தவர்களிடம் குறையவில்லை. 2016இல் ஏழு சோதனைகளை, மொத்தம் 587 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது சராசரி இறக்கம் மேல் எண்ணில் 3, கீழ் எண்ணில் 2.6 என்று வந்தது. அதுவும் நாளுக்கு 500 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. உப்பைக் குறைத்தாலோ சில கிலோ எடை இறங்கினாலோ இதற்குக் குறையாத பலன் கிடைக்கும். ஆம்லோடிபினின் இடத்தில் வைக்கும் அளவு வலுவானது அல்ல. மேலும், ஆம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் பக்கவாதமும் மாரடைப்பும் குறைவதை ஆயிரக்கணக்கானவர்களிடம் பல ஆண்டுகள் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். குவெர்செட்டினை வைத்து நடந்த சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்தவை. எனவே பிரஷர் மாத்திரையைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். இந்தப் பத்து நாளில் ஏற்கெனவே குறைத்திருந்தால் நாளை முதல் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

வெங்காயமும் தேநீரும் ஆப்பிளும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு என்ற செய்தியையும் நீங்கள் கேட்டிருக்கலாம். அது நெதர்லாந்தின் சுட்பென் நகரில் 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்களை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து, 1993இல் வெளியான ஆய்வு. நல்ல ஆய்வுதான். ஆனால் அது உணவைப் பற்றியது. அவர்கள் யாரும் 500 மி.கி. கேப்ஸ்யூல் விழுங்கவில்லை.

அலர்ஜிக்கு என்று சொன்னவர்கள் முழுக்கக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்களைக் குவெர்செட்டின் அடக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் நடந்தவை சிறு சோதனைகள். நீங்கள் போடும் ஃபெக்ஸோஃபெனடினை விட்டுவிட்டு இதை நம்பும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. தும்மல் வரும் மாதங்களில் மூக்கடைப்பே முக்கியத் தொல்லை என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அடைப்புக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைவிட அது நன்றாகவே கேட்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது நீங்கள் கேட்ட இடைவெளிதான். இரண்டு மணி நேரம் விட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது ஒரு வகைச் சிக்கலுக்கு மட்டுமே உதவும். இரும்புச்சத்து மாத்திரையைப் பாருங்கள். குவெர்செட்டின் குடலுக்குள் இரும்பை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் குடலில் இல்லாதபடி சில மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் அந்தச் சிக்கல் குறையும். உங்கள் மூன்று மாத்திரைகளின் கதை அப்படி அல்ல. அவற்றை உடலுக்குள் விடுவதும் வெளியேற்றுவதும் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகளும் கடத்திப் புரதங்களும். குவெர்செட்டின் தலையிடுவது அவற்றில்தான். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 11 முதல் 28 மணி நேரம் ஆகிறது. தினமும் இரு வேளை சாப்பிடுகிறவர் உடலில் அது இல்லாத நேரமே இல்லை. இரண்டு மணி நேரம் தள்ளினாலும் பத்து மணி நேரம் தள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது.

ஃபெக்ஸோஃபெனடினை வைத்து மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். குவெர்செட்டின் 500 மி.கி. மூன்று வேளை வீதம் ஏழு நாள் கொடுத்தபின், ரத்தத்தில் ஃபெக்ஸோஃபெனடினின் மொத்த அளவு ஏறத்தாழ 55 சதவீதம் கூடியது. மருந்தைக் குடலுக்குள் திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற கடத்தியை அது அடக்கியதே காரணம் என்று கருதுகிறார்கள். ஃபெக்ஸோஃபெனடின் தாராளமான பாதுகாப்பு எல்லை உள்ள மருந்து. ஆகவே உங்களுக்குத் தலைவலி, வாய் உலர்வு, மந்தம் என்ற அளவில் போகலாம். ஆனால் இதே கடத்தியை நம்பியிருக்கும் டிகாக்ஸின் போன்ற இதய மருந்தில் அந்தத் தாராளம் கிடையாது. குவெர்செட்டினும் டிகாக்ஸினும் சேர்த்துக் கொடுத்த பன்றிகளில் மூன்றில் இரண்டு திடீரென இறந்ததை 2004இல் பதிவு செய்திருக்கிறார்கள். உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரினின் அளவையும் குவெர்செட்டின் மாற்றுகிறது. அங்கே அளவு பிசகினால் புதுச் சிறுநீரகமே பாழாகும்.

அட்டோர்வாஸ்டாட்டினும் ஆம்லோடிபினும் சி.ஒய்.பி.3ஏ4 நொதியால் சிதைக்கப்படுபவை. குவெர்செட்டின் தனியாக இந்த நொதியை மனிதர்களிடம் ஒரே திசையில் மாற்றுவதில்லை. ஆய்வகத்தில் தடுக்கிறது, சில மனிதச் சோதனைகளில் நொதியின் வேலை கூடியும் இருக்கிறது. ஆனால் உங்கள் டப்பாவில் பைப்பரின் இருக்கிறதே! அது சி.ஒய்.பி.3ஏ4, பி-கிளைக்கோபுரோட்டீன் இரண்டையும் தடுக்கும். உறிஞ்சலைக் கூட்டுவதற்கென்றே சேர்ப்பது. குவெர்செட்டினை மட்டும் கூட்டிவிட்டு மற்ற மாத்திரைகளைத் தொடாமல் விட அதற்குத் தெரியாது. ஸ்டாட்டின் அளவு கூடினால் முதலில் தெரிவது தசையில். தொடை, தோள் தசைகளில் இரு பக்கமும் ஒரே மாதிரி வலி, படி ஏறச் சிரமம், சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது ஆகியவற்றைக் கவனியுங்கள். நிறம் மாறினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆம்லோடிபின் கூடினால் கணுக்கால் வீக்கம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல். இந்தப் பத்து நாளில் இவற்றில் ஏதாவது புதிதாக வந்திருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள்.

பக்கவிளைவே கிடையாது என்பதும் சரியல்ல. நாளுக்கு 1000 மி.கி. வரை சில வாரங்கள் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்கவில்லை என்பது உண்மை. சிலருக்குத் தலைவலி, வயிற்றுப் பொருமல், கைகால் மதமதப்பு வந்திருக்கிறது. ஊசி வழியாக நேரே ரத்தத்தில் செலுத்திய 1996ஆம் ஆண்டுப் புற்றுநோய்ச் சோதனையில், அளவைக் கூட்ட முடியாமல் தடுத்தது சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு ஆண்டு நடந்த ஓர் எலிச் சோதனையில் உணவில் 4 சதவீதம் குவெர்செட்டின் கலந்து கொடுத்தபோது ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் கூடின. அது கேப்ஸ்யூல் சாப்பிடும் மனிதருக்கு ஒருபோதும் வராத அளவு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 1999இல், மனிதர்களில் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த முடியாத மூன்றாம் பிரிவில்தான் இதை வைத்தது. பயப்படத் தேவையில்லை. ஆனாலும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் இதைத் தொடாமல் இருப்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கேப்ஸ்யூலைத் தவிர்க்க வேண்டும். உணவில் வருவதற்குத் தடை இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்ஸ்யூல்கூட எடுக்கக்கூடாது. போர்ட்டெசோமிப் என்ற மருந்தின் போரான் பகுதியோடு குவெர்செட்டின் ரசாயனமாகவே பிணைந்து அதை முடக்குவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை தேதி குறித்தவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்துவது நல்லது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. கேப்ஸ்யூலை நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, நிறுத்தினால் எதிர்விளைவு வராது. ஒரு வாரத்தில் உடலிலிருந்து போய்விடும். பிறகு ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை வீதம் பிரஷர் பாருங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால் அதுதான் உங்கள் உண்மையான அளவு. அது 135/85க்கு மேல் இருந்தால் மருந்தைச் சரிசெய்யும் வேலை மருத்துவருடையது.

அதன் பிறகும் குவெர்செட்டினை முயல விரும்பி, மருத்துவரும் சம்மதித்தால், இப்போது இருக்கும் டப்பா வேண்டாம். பைப்பரினோ புரோமலைனோ வேறு எதுவுமோ சேராத தனிக் குவெர்செட்டினாகப் பாருங்கள். லேபிளில் எந்த வடிவம் என்று இருக்க வேண்டும். 'குவெர்செட்டின் டைஹைட்ரேட் 500 மி.கி.' என்றால் அதில் நீரின் எடை போக உள்ளது ஏறத்தாழ 447 மி.கி. 'ரூட்டின் 500 மி.கி.' என்றால் சர்க்கரை போகப் பாதிக்கும் சற்றுக் குறைவு. லெசித்தினோடு இணைத்த ஃபைட்டோசோம் வடிவம் ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாக ஏறும். அதில் 500 மி.கி.யைச் சாதாரண 500 மி.கி.யோடு ஒப்பிடவே கூடாது. சோதனைகளின் முடிவுகளும் பாதுகாப்புக் கணக்கும் பெரும்பாலும் சாதாரண வடிவத்துக்கு உரியவை. உறிஞ்சல் கூடினால் பலன் மட்டுமா கூடும்? மருந்துகளோடு மோதுவதும் சேர்ந்தே கூடும். வெளியார் ஆய்வகம் சோதித்துத் தந்த தூய்மைச் சான்று உள்ளதா என்பதையும் பாருங்கள்.

அளவு நாளுக்கு ஒரு முறை 500 மி.கி., சாப்பாட்டோடு. அதற்கு மேல் வேண்டாம். தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், தசை நொதியான சி.கே. மூன்றையும் ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரத்தில் மறுபடி. எட்டு வாரம் முடிந்ததும் அதே முறையில் ஏழு நாள் பிரஷர் எடுத்துப் பழைய சராசரியோடு வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு எண்கூடக் குறையவில்லை என்றால் அது உங்களுக்கு வேலை செய்யவில்லை, நிறுத்திவிடுங்கள். குறைந்திருந்தாலும் மருத்துவர் பார்க்காமல் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். இடையில் புது மாத்திரை எது எழுதிக் கொடுத்தாலும், அது ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்காக இருந்தாலும், குவெர்செட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிந்துரைச் சீட்டில் இல்லாததால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.